பட்டிக்குள் வந்த கன்னிமார்

எங்கள் வீட்டிலேயே கன்னிமாரை நேரில் பார்த்த ஒரே ஆள் நான்தான். இதை இப்போது சொன்னால் என் மகள் போனிலிருந்து தலையைத் தூக்காமலேயே சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அந்த ஆடி மாதத்தில், அந்த உச்சிப் பொழுதில், அவள் எங்கள் ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தால் சிரிப்பு எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கொடுமுடிக்கும் காங்கேயத்துக்கும் நடுவில், வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டுக்காட்டில் எங்கள் வீடு. சுற்றிலும் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடு. அப்பாவுக்கு விவசாயம் என்பது பேருக்குத்தான். சோறு போட்டது செம்மறிகள். கிணற்றுமேட்டில் ஏழு கல்லை நட்டு மஞ்சள் பூசி வைத்திருந்தோம். அவர்கள்தான் கன்னிமார், ஏழு பெண் தெய்வங்கள். நல்ல சாமிகள்தான். ஆனால் உச்சிப் பொழுதில் காட்டுக்குள் நடமாடுவார்கள், அப்போது குறுக்கே போய்விடக் கூடாது, அவர்கள் வந்த இடத்தில் பூ மணக்கும், நமக்கு வேண்டியவர்களின் முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு வருவார்கள் என்றெல்லாம் சித்தப்பா எனக்குச் சொல்லி வைத்திருந்தார். சித்தப்பா சொல்வதில் பாதி புளுகு என்று எனக்குத் தெரியும். எந்தப் பாதி என்பதுதான் தெரியாது.

அந்த வருடம் ஆடிக் காற்று பேயாக அடித்தது. பனைமரங்கள் ராப்பகலாகப் படபடவென்று அடித்துக்கொண்டன. சிமெண்ட் அட்டைக் கூரை மேல் யாரோ நடப்பதுபோல் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மண்ணும் புல் சுணையும் பறந்து எல்லார் கண்ணிலும் விழுந்தன. நாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு கழுவிவிடுவோம். பிறந்து சில வாரமே ஆன குட்டிகள் என்ன செய்யும்? முதலில் கண்ணில் நீர் வடிந்தது. பிறகு பீளை கட்டி இமை ஒட்டிக்கொண்டது. ஈ மொய்த்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டியிலிருந்த குட்டிகளில் பாதிக்குமேல் கண்மணி வெளுத்து நுங்குபோல ஆகிவிட்டது.

பார்வையில்லாத குட்டிகள் நடந்துகொள்ளும் விதம் இருக்கிறதே, அதுதான் என்னை முதலில் பயமுறுத்தியது. ஒன்றும் இல்லாத ஒரு மூலையைப் பார்த்து எல்லாம் ஒரே நேரத்தில் முகத்தைத் தூக்கும். காற்று திரும்பினால் முகங்களும் திரும்பும். வெள்ளைக் கண்கள் வரிசையாக என்னைத் தாண்டி எதையோ பார்ப்பதுபோல இருக்கும். திரும்பிப் பார்த்தால் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

அவற்றில் ஒன்று என் குட்டி. நெற்றியில் வெள்ளையாக ஒரு பொட்டு இருந்ததால் அதற்குப் பொட்டு என்றே பெயர் வைத்திருந்தேன். அது பிறந்தபோதே தாய் ஆடு செத்துப்போனது. வேறு எந்த ஆடும் அதை மடியில் சேர்க்கவில்லை, முட்டித் தள்ளின. அப்பா மருந்துக்கடையில் குழந்தைகளுக்கான பால் பாட்டில் ஒன்று வாங்கிவந்தார். வாசலில் உட்கார்ந்து அதைப் பையிலிருந்து எடுத்தபோது, கதவோரம் நின்றிருந்த அத்தை அதைப் பார்த்தாள். உடனே உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ திருடி மாட்டிக்கொண்டவரைப்போல ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு பாடுபட்டு வாங்கிவந்த பாட்டிலைப் பொட்டு லேசில் வாயில் வாங்கவில்லை. வாங்கினாலும் பசும்பால் அதற்கு ஒத்துக்கொள்ளாமல் கழிந்துபோட்டது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. மதுக்கரைக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பிரசவத்தில் சிக்கல் என்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்த்தார்கள். பிறந்த குழந்தை ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. அடக்கம் முடிந்த பிறகு அத்தையை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். இதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். அப்போது எனக்குச் சொல்லப்பட்டது, “பாப்பா அங்கயே இருக்குது கண்ணு, அத்தைகிட்ட அதைப் பத்திக் கேக்கக் கூடாது” என்பது மட்டும்தான். நானும் கேட்கவில்லை. மாமியார் வீட்டில் பாப்பாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அத்தையை அனுப்பிவிட்டார்கள், அந்தக் கோபத்தில்தான் அத்தை சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள் என்று நானாக ஒரு கதை கட்டிக்கொண்டேன்.

அத்தை பேச மாட்டாள். சிரிக்க மாட்டாள். சாப்பாட்டுத் தட்டு போனபடியே திரும்பி வரும். அவள் கிணற்றுப் பக்கம் போனால் அம்மாவும் ஏதாவது வேலையைச் சாக்கிட்டுப் பின்னாலேயே போவாள்.

கண்நோவுக்கு முதல் வைத்தியம் சித்தப்பாவுடையது. உப்பையும் சீரகத்தையும் வாயில் போட்டு மென்று, குட்டியின் தலையைத் தூக்கிக் கண்ணில் புஸ்ஸென்று ஊதினார். குட்டிகள் துள்ளிக் கத்தின. சித்தப்பா வாயைத் துடைத்துக்கொண்டு, “கத்துதல்ல? அப்பன்னா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்” என்றார். மறுநாள் கண்கள் செக்கச் செவேலென்று வீங்கிக் கிடந்தன. அதற்குப் பிறகுதான் அப்பா கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார். ஸ்கூட்டரில் வந்து இறங்கிய சின்ன வயசுப் பெண். நடந்ததைக் கேட்டதும் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

“உங்க கண்ணுல ஒருக்கா ஊதிப் பாத்தீங்களா?”

சித்தப்பா மாட்டுத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

டாக்டரம்மா ஒவ்வொரு குட்டியாக மடியில் வைத்துப் பார்த்தார். இது ஒட்டுகிற நோவு, ஈயாலும் பரவும், நல்ல குட்டிகளிடமிருந்து பிரித்து வையுங்கள் என்றார். வெளிச்சம் பட்டால் கண் கூசும், அதனால் இருட்டாக அடைத்து வைக்க வேண்டும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பீளையைத் துடைத்து, ட்யூபிலிருக்கும் களிம்பை இமைக்குள் வைக்க வேண்டும். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கடைசியாகப் பொட்டைத் தூக்கியவர் முகம் சுளித்தார்.

“இதுக்கு இன்னொரு கேடும் சேந்திருக்குதுங்க. பொறப்புலயே கீழ் இமை உள்ள மடிஞ்சிருக்குது. இமை முடி உரசி உரசிக் கண்ணைப் புண்ணாக்கிப்போட்டுது. கட்டைவிரல்ல இப்படி மெதுவா வெளிய இழுத்து விடணும். ஒருக்கா ரெண்டுக்கா இல்லீங்க, நாளெல்லாம். விடாம செஞ்சா நேரா நின்னுக்கும். இல்லாட்டிக் கண்ணு போயிரும்.”

நாளெல்லாம் உட்கார்ந்து ஒரு குட்டியின் இமையை இழுத்துவிட எங்கள் வீட்டில் யாருக்கு நேரம்? நான் பள்ளிக்கூடம் போகும் முன்பும் வந்த பின்பும் இழுத்துவிட்டேன். விரலை எடுத்ததும் இமை மறுபடி உள்ளே சுருண்டுகொள்ளும். அப்பா என் பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்துவிட்டு, “கண்ணும் இல்ல, தாயும் இல்ல. இது நிக்காது சாமி. வாற வாரம் திங்கக்கெழமை ஆட்டு ஏவாரி வாராப்ல. குடுத்தர்லாம்” என்றார். கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கறிக்கடையில் தொங்கும். அன்று நான் சோறு உண்ணவில்லை.

பட்டியின் ஒரு பக்கம் சாக்கும் தார்ப்பாயும் கட்டி இருட்டாக்கினார்கள். வாசலில் அப்பா வேப்பிலை செருகினார். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பட்டியில் நோவு இருக்கும்போது தீட்டுள்ளவர்கள் உள்ளே போகக் கூடாது, நிழல்கூட விழக் கூடாது. மாதவிலக்கானவர்கள், பிள்ளை பெற்றவர்கள், அதிலும் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அந்தத் திசைக்கே போகக் கூடாது. அப்பா அத்தையிடம் நேராகச் சொல்லவில்லை. அறை வாசலில் நின்று, பொதுவாக யாருக்கோ சொல்வதுபோல, “பட்டிப் பக்கம் ஆரும் வர வேண்டாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் அது ஆரம்பித்தது.

முதலில் கவனித்தவர் அப்பா. காலையில் பொட்டின் வயிறு முதுகோடு ஒட்டிக் கிடக்கும். பிற்பகல் போய்ப் பார்த்தால் வயிறு கிண்ணென்று இருக்கும். வாயோரத்தில் வெள்ளையாக நுரை. எந்த ஆடு பால் கொடுத்தது? ஆடுகள் எல்லாம் மேய்ச்சலுக்குப் போய்விட்டிருந்தன. இருட்டுத் தடுப்புக்குள் நோவு வந்த குட்டிகளைத் தவிர வேறு உயிர் கிடையாது. வாசல் படலில் அப்பா போட்ட முடிச்சு அவிழ்க்கப்பட்டு வேறு மாதிரி போடப்பட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக அந்த வாசம். புழுக்கையும் மூத்திரமும் நாறுகிற இருட்டுக்குள், மல்லிகைப் பூ வாசம். எங்கள் காட்டில் மல்லிகை கிடையாது. அந்தக் காய்ந்த மண்ணில் எருக்கு பூப்பதே பெரிய காரியம்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. உச்சிப் பொழுதில் நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். பசியில் குட்டிகள் கத்திக்கொண்டே இருந்தன. செம்மறிக் குட்டி கத்துவதைத் தூரத்திலிருந்து கேட்டால் கைக்குழந்தை அழுவதற்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. திடீரென்று ஒரே நேரத்தில் எல்லாம் நின்றுவிட்டன. காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. எழுந்து வீட்டுக்கு ஓடிவந்து அம்மியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், என்னமோ அம்மி என்னைக் காப்பாற்றிவிடும்போல.

அன்று சாயங்காலம் சித்தப்பா வீரம் பேசினார். “எவனோ நம்ம பட்டிக்குள்ள பூந்து வெளையாடறான். நாளைக்கு மத்தியானம் நான் உள்ளயே ஒளிஞ்சு உக்காந்துக்கறேன். டார்ச் லைட்டை மூஞ்சில அடிச்சுப் புடிச்சுப்போடறேன் பாருங்க.”

சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். என் அம்மாவுக்குச் சாமி, பேய் எதிலும் பெரிய நம்பிக்கை கிடையாது. கன்னிமாருக்குப் பொங்கல் வைக்கும் நாளிலும், புகை கண்ணைக் கரிக்கிறது என்று முனகுகிறவள். அவள் அன்று சொன்னாள்:

“ஏனுங்க, உங்களுக்கு இன்னுமா வெளங்கல? பூ மணக்குது, குட்டிக்கு வவுறு ரொம்புது. அது கன்னிமாருங்க. உச்சிப் பொழுதுல ஒரு மனுசரும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. மீறிப் போய் எட்டிப்பாத்தா, பாத்தவிங்க கண்ணும் அந்தக் குட்டிக மாதரயே வெளுத்துப்போயிரும். சொல்லிப்போட்டேன்.”

அப்பா உடனே தட்டைக் கீழே வைத்துக் கும்பிட்டார். சித்தப்பா, “அட, எனக்கு நாளைக்கு வெள்ளகோயில்ல ஒரு சோலி இருக்குதுங்க அண்ணி” என்றார்.

நான் போயிருக்கக் கூடாது. ஆனால் ஞாயிறு விடிந்துவிட்டது, மறுநாள் ஏவாரி வந்துவிடுவான். பொட்டை எங்காவது ஒளித்து வைத்துவிடலாம் என்று தோன்றியது. கண் வெளுத்துப்போனால் போகட்டும், நானும் பொட்டும் சேர்ந்தே குருடாக இருப்போம் என்று அழுதுகொண்டே முடிவெடுத்தேன். அந்த வயதில் முடிவுகள் அப்படித்தான் வருகின்றன. அம்மா சமையலறையில் இருந்தாள். அத்தையின் அறைக்கதவு எப்போதும்போலச் சாத்தியிருந்தது. வேலியோரமாகப் பதுங்கிப் பட்டிக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தபோது குட்டிகள் ஏற்கெனவே அமைதியாகிவிட்டிருந்தன.

மல்லிகை வாசம் குப்பென்று அடித்தது.

சாக்கில் ஒரு கிழிசல். ஒரு கண்ணை மட்டும் வைத்துப் பார்த்தேன், போனால் ஒரு கண்ணோடு போகட்டும் என்று. உள்ளே முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வெள்ளைக் கண்கள் மெல்ல மெல்லத் தெரிந்தன. குட்டிகள் எல்லாம் வட்டமாகப் படுத்து ஒரே பக்கம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தன. நடுவில் ஒரு பெண், கூந்தலை அவிழ்த்துப்போட்டு, சுவரில் சாய்ந்து, கைக்குழந்தையைக் குளிப்பாட்ட உட்கார்வதுபோல இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நீட்டிய கால்கள்மேல் பொட்டு மல்லாக்கப் படுத்திருந்தது. என்னிடம் ஒரு நிமிடம் அடங்காத குட்டி, அவளிடம் அசையாமல் கிடந்தது. அவள் கட்டைவிரலால் அதன் இமையை மெல்ல வெளியே இழுத்து, பிடித்திருந்து, விட்டாள். மறுபடி இழுத்தாள். முகத்தைத் துடைத்தாள். வாய்க்குள்ளேயே என்னவோ பாடினாள். பிறகு குட்டியைத் தூக்கி மார்போடு சேர்த்து முந்தானையால் மூடிக்கொண்டாள். முந்தானைக்குள் குட்டியின் தலை முட்டி முட்டி அசைந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த வால் விடாமல் ஆடியது. பால் குடிக்கிற குட்டியின் வால் எப்படி ஆடும் என்று எங்களுக்குத் தெரியாதா?

அவள் தலையை நிமிர்த்தியபோது முகம் தெரிந்தது. அத்தையின் முகம்.

ஆனால் அது சிரித்தது. கன்னம் நனைந்திருக்க, குனிந்து குட்டியைப் பார்த்துச் சிரித்தது. அதனால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கள் அத்தை சிரிக்க மாட்டாள், அவள் அறைக்குள் படுத்திருக்கிறாள். இது அவள் முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு வந்த கன்னிமாரில் ஒருத்தி. சித்தப்பா சொன்னதில் உண்மையான பாதி இதுதான் என்று தெரிந்தது. ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

“அம்மா, கன்னிமாரு உள்ள இருக்குதும்மா. அத்தை மூஞ்சிய வெச்சுட்டு இருக்குதும்மா!”

அம்மா என் இரண்டு கண்களையும் விரித்துப் பார்த்தாள், வெளுக்கவில்லை என்று எனக்குக் காட்டுவதற்காகத்தான் இருக்க வேண்டும். பிறகு என் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள்.

“ஆருகிட்டயும் சொல்லாத கண்ணு. சொன்னா அவிங்க போயிருவாங்க. அப்பறம் பொட்டுக்கு ஆரு இருக்கறா?”

நான் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் வந்துவிடுமோ என்று பயந்து அன்று முழுக்க உதட்டைக் கடித்துக்கொண்டே திரிந்தேன்.

திங்கட்கிழமை ஏவாரி வருவதற்கு முன்பே டாக்டரம்மா வந்துவிட்டார். மற்ற குட்டிகளுக்கு வெண்படலம் விலக ஆரம்பித்திருந்தது. பொட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர் ஆச்சரியப்பட்டார். இமை நேராக நின்றிருந்தது. ஒரு கண் தெளிந்துவிட்டது. இன்னொன்றில் புண் ஆறிய இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைத் தழும்பு; அது போகாது, ஆனால் பார்வைக்குப் பெரிய குறையில்லை என்றார். “ஆருங்க இதைப் பாத்துக்கிட்டது? நாளெல்லாம் மடியிலயே வெச்சிருந்தாத்தான் இப்படி ஆகும்” என்று கேட்டார். அப்பாவும் சித்தப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா கிணற்றுமேட்டைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு வந்த ஏவாரி பொட்டைக் கேட்டபோது, “அது கன்னிமாரு வளத்தற குட்டீங்க. வெட்டறதுக்குக் குடுத்தா எங்க குடும்பம் நல்லா இருக்குமுங்களா?” என்று அனுப்பிவைத்தார். நான் பொட்டைத் தூக்கிக்கொண்டு காடெல்லாம் ஓடினேன்.

பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் பால் வற்ற மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள் என்பது, எனக்கே பிரசவமாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டில்காரிக்குக் கட்டியதைப் பார்த்துத்தான் தெரிந்தது. அன்று என் மகளை அணைத்துக்கொண்டு அப்படி அழுதேன். ஏன் அழுகிறேன் என்று யாருக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. பஸ் நிறுத்தத்துப் பூக்காரியிடம் தினமும் மல்லிகை வாங்கிவந்தவள் என் அம்மா. அதை அத்தைக்குக் கட்டிவிட்டவளும் அவள்தான். கட்டியும் பால் வற்றவில்லை, ஏன் வற்றவில்லை என்று முதலில் தெரிந்துகொண்டவளும் அவளாகத்தான் இருக்கும். தீட்டு, நிழல், வேப்பிலை என்று பேசுகிற ஆண்களிடம் அவளால் வாதாடி ஜெயித்திருக்க முடியாது. ஆகவே ஒரு சாமியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டாள்.

ஆவணி பிறந்ததும் மாமா அத்தையைக் கூட்டிப்போக வந்தார். பஸ் நிறுத்தத்தில் மாமாவும் அப்பாவும் தள்ளி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். புளியமரத்தடியில் நானும் அத்தையும் மட்டும். அத்தை மெலிந்திருந்தாள், ஆனால் அன்று காலை சோறு உண்டிருந்தாள். ஊருக்குப் போகிறவளிடம் சொன்னால் தப்பில்லை என்று எனக்குத் தோன்றியது. கிட்டே போய் அவள் காதில் சொன்னேன்.

“அத்தை, உங்களுக்கு ஒண்ணு தெரியுமுங்களா? நம்ம பட்டிக்குக் கன்னிமாரு வந்துச்சுங்க. உங்க மூஞ்சியவே வெச்சுட்டு வந்துச்சு. நான் பாத்தனுங்க. பொட்டுக்குப் பால் குடுத்துச்சு.”

அத்தை என் பக்கம் திரும்பாமலேயே கேட்டாள்.

“நல்லாக் குடிச்சுதா கண்ணு?”

“நல்லாக் குடிச்சுதுங்க அத்தை. வாலை ஆட்டி ஆட்டிக் குடிச்சுது. அந்தச் சாமியைத்தான் அது அம்மான்னு நெனச்சுட்டு இருக்குது.”

அத்தை அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள், உடம்பெல்லாம் குலுங்கியது. தன் முகத்தை ஒரு சாமி எடுத்துக்கொண்டு போனது தெரிந்து அவளுக்குப் பயம் வந்துவிட்டது என்று நினைத்தேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று எனக்கும் தவிப்பாகிவிட்டது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “பயப்படாதீங்க அத்தை, அது நல்ல சாமிதானுங்க, உங்களை ஒண்ணும் பண்ணாது” என்று பஸ் வரும்வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.